தோர்ன் வீட்டுக் கதவு

விடியப்புறம் நாலே முக்கால். நவம்பர் மாதம். இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே போகிற ஒற்றைத் தெரு... இரண்டு பக்கமும் ஆளுயரப் பற்றைவேலி. எதிரே ஒரு வாகனம் வந்தால் ஒன்று பின்னால் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எதிரே ஒன்றும் வராது.

அந்தத் தெருவில் வான் ஓட்டிக்கொண்டிருந்தவர் பரமநாதன். நம் சோபிகாவின் பெரியப்பா. சோபிகா, எங்கேயாவது பிழைத்தால் திருத்து. மற்றவர்கள் போர்வையை இழுத்துக்கொண்டு சும்மா இருங்கள், யாரும் லைற் போட வேண்டாம். அது ரொம்மன் ஸ்டேஷனால் கடைசி ரயில் போகிற சத்தம். பேய் இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு வராது.

பரமநாதன் இங்கே ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். ஆகஸ்டில் அவருடைய மனைவி புஷ்பமலர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அன்று பின்னேரம் கட்டிலருகே நின்று "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் இரவு வேலைக்குப் போனவர். இரண்டு மணிக்குப் போன் வந்தது. ஓடிப் போனபோது எல்லாம் முடிந்து இருபது நிமிடம்.

அவர் அழவில்லை. செத்தவீட்டிலும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். வைக்காவிட்டால் கேட்கவில்லை.

மகள் கம்சிகாவுக்கு இருபது வயது. ஒரே பிள்ளை. அம்மா போய்விட்டாள், அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்ற பயம் அவளுக்கு. தாய்மாமன் மகேசன் இங்கிலாந்தில் எல்ம்கோட் என்ற சின்னக் கிராமத்தில் கடை வைத்திருக்கிறார். "மூண்டு கிழமை மாமாவோட நிண்டு பாருங்கோ அப்பா. ஆனா என்னட்டை வந்திடவேணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

எல்ம்கோட்டில் நாற்பது வீடு. ஒரு பப், அதுவும் கிழமையில் மூன்று நாள். பள்ளிக்கூடம் எப்போதோ மூடி, இப்போது ஒரு லண்டன்காரர் அதில் குடியிருக்கிறார். தபாற்கந்தோரும் மகேசனின் கடைக்குள்தான். முத்திரை, பால், பேப்பர், ஊர்ப் புதினம் எல்லாம் அங்கே. யாருடைய நாய்க்கு என்ன வருத்தம் என்பதுகூட மகேசனுக்கு அத்துப்படி. தேவாலய முற்றத்தில் ஒரு கல். முதலாம் உலகப் போருக்குப் போய்ச் செத்தவர்கள், பதினொரு பெயர். அதில் மூன்று பெயர் தோர்ன். ஒரே வீட்டுச் சகோதரர்கள்.

விடியப்புறம் வீடுகளுக்குப் பேப்பர் போடுகிற வேலையைப் பரமநாதன் எடுத்துக்கொண்டார். வானுக்குள் ஒரு பழைய பட்டியல் ஒட்டியிருந்தது. மகேசனுக்கு வீடுகள் மனப்பாடம், அவர் அதைத் திருத்தவே இல்லை. பதினாலு வீடு. கடைசி வீடு, தோர்ன்.

முதல் நாள் படலையைத் திறந்து நடந்தார். சரளைக்கல் சரக்... சரக்... தட்டுவதற்குக் கை தூக்க முன்னமே உள்ளே கொண்டி "டக்" என்றது. கதவு திறந்தது. வெளிச்சம் இல்லை. உயரமான கிழவர் ஒருவர் நிற்பது மட்டும் தெரிந்தது. ஈரக் கம்பளி மணம். அணைந்துபோன நிலக்கரி மணம். ஒரு கை நீண்டு பேப்பரை வாங்கியது.

கிழவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்... ஆறுதல் சொல்லாத ஒரு மனிதன். சாப்பிட்டீர்களா என்று கேட்காத ஒரு மனிதன். பரமநாதனுக்கு அது நிம்மதியாக இருந்தது. திரும்பும்போது வாய்ப்பழக்கத்தில் தமிழிலேயே சொன்னார்.

"அப்ப, போட்டு வாறன்."

அவர் படலையைத் தாண்டும் வரைக்கும் கதவு மூடவில்லை.

இப்படிப் பதினெட்டு நாள்.

பதினெட்டாம் நாள் கடை திறக்கையில் மகேசன் தலையைச் சொறிந்தார். "அத்தான், ஒவ்வொரு நாளும் ஒரு பேப்பர் குறையுது. பதின்மூண்டு வீட்டுக்குத்தானே போடுறியள்?"

"பதினாலு. தோர்ன் கிழவனுக்கும்."

மகேசன் கடைக்கதவை உள்ளே பூட்டினார். பிறகுதான் வாய் திறந்தார். "அந்தாள் செப்ரெம்பரிலை செத்துப்போச்சு. நான்தான் போய்ப் பாத்தனான். வீட்டிலை ஒருத்தரும் இல்லை அத்தான். திறப்பு என்னட்டைக் கிடக்கு."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையையும் சொன்னார். கல்லில் இருக்கிற அந்த மூன்று பிள்ளைகளும் திரும்பி வருவோம் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு ஒரே காலையில் படலை தாண்டியவர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. தட்ட முன்னமே திறந்துவிடும். நூறு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாராவது ஒருவர் விடியப்புறம் விழித்திருந்து காத்திருப்பார். கடைசி ஆள் இந்தக் கிழவர்.

"நீங்கள் அங்கை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் தான் சொன்னதைப் பரமநாதன் சொன்னார். மகேசனுக்கு முகத்தில் இரத்தம் இல்லை. நம் ஆட்களுக்கு இது தெரியாதா? செத்தவீட்டிலிருந்து சொல்லாமல்தான் எழும்பி வரவேண்டும். போட்டு வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதாகிவிடும். இவர் சொன்னதோ பதினெட்டு முறை.

அன்றைக்கே மகேசன் அவரை விமானம் ஏற்றிவிட்டார். ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் வீட்டில் பரமநாதன் சோறு தின்றார், படுத்தார். விடிய நாலே முக்காலுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்கை அப்பா?"

"சொல்லிப்போட்டு வந்திட்டன் பிள்ளை. அங்கை ஒராள் பாத்துக்கொண்டு நிக்கும்."

"அந்தாள் செத்திட்டுது அப்பா!"

"ஓம். அம்மாவும் பாத்துக்கொண்டுதான் கிடந்தவ. நான் போய்ச் சேரேல்லை."

கம்சிகா கதவுக்குக் குறுக்கே நின்று அழுதாள். நீங்களும் போனால் எனக்கு யார் என்று கேட்டாள். அன்றைக்கு அவர் நின்றுவிட்டார். ஒன்பதாம் நாள் அவள் வகுப்பு முடிந்து வர, வீடு வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் விடிய அவள் போனில் கத்திய கத்தலுக்கு மகேசன் திறப்போடு ஓடினார். தோர்ன் வீடு பூட்டியபடிதான் இருந்தது. திறந்தால்... உள்ளே கதிரையில் பரமநாதன், விழித்தபடி. மேசையில் பதினெட்டு நாள் பேப்பரும் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது. தண்ணீர்க்குழாய் உறைகிற குளிர். அவருடைய வலக்கை மட்டும் இளஞ்சூடாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்தது போல.

கம்சிகா போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது வேலைக்குப் போகிறார், பசித்தால் கேட்கிறார். அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. போன கிழமை சாப்பிடும்போது அவளே கேட்டாள், அன்றைக்கும் அந்தக் கிழவர்தான் கதவைத் திறந்தாரா என்று.

"இல்லை," என்றார். "அம்மாதான் திறந்தவ. ஏன் இவ்வளவு நேரம் எண்டு கேட்டவ."

கம்சிகா சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள். "அங்கையிருந்து வெளிக்கிடேக்கை அவவுக்கு என்ன சொன்னனீங்கள், அப்பா?"

பரமநாதன் மகளைப் பார்த்துச் சிரித்தார்... ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.