தாய்க்குழாய்

எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் பேக்கரி வாசம் அடிக்கும். ஈஸ்ட் வளர்க்கிற இடத்தில் வேறென்ன வாசம் வரும்? விசாரணைக்கு வந்த நீங்கள் மூக்கைச் சுளித்தீர்கள். சுகிர்தா வந்த முதல் நாள், "பசிக்குது மேடம்" என்றாள். அன்றே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

போலகத்தில் நெல் பயிரிடும் அம்பலவாணனின் மகள். காரைக்காலுக்கு வந்து என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். மதியம் என் டப்பாவில் பாதி அவளுக்கு. எனக்குக் குடும்பம் கிடையாது.

அவள் செய்த வேலை இதுதான். செல் தன் மரபணுவிலிருந்து ஒரு செய்தியை நகலெடுக்கும். அந்த நகலை உரிய இடத்தில் வெட்டி, நுனியில் ஒரு வால் சேர்க்க வேண்டும். வால் இல்லாத நகலைச் செல்லே சிதைத்துவிடும். யாரும் பொருட்படுத்தாத ஒரு புரதம் பழுதான ஈஸ்டில், சூடு ஏற்றினால் வால் சேர்வதே நின்றுபோகிறது என்று சுகிர்தா கண்டுபிடித்து, கட்டுரையும் வெளியிட்டாள். ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் வேலைக்கு அழைத்தது. தாய்க்குழாயிலிருந்து எடுத்து இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவளுக்கு மார்கழிப் பனியே ஆகாது, மூக்கடைத்துவிடும்.

ஒவ்வொரு ஈஸ்ட் வகையிலும் முதல் குழாயை உறைபெட்டியில் பூட்டி வைப்போம். அதைத்தான் தாய்க்குழாய் என்போம். சாவி என்னிடம் இருக்கும். யார் கொடுத்த குழாயையும் சோதித்துப் பார்த்த பிறகே சுகிர்தா தொடுவாள். நான் கொடுப்பதை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்வாள்.

இந்த முறை சூட்டிலும் நகல்கள் எல்லாம் வாலோடு இருந்தன. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

"குழாய் மாறியிருக்குமோ மேடம்?"

"நான்தானேம்மா எடுத்துக் குடுத்தேன்."

"ஆமா மேடம். தப்பு என் கையிலதான்."

அவள் கையில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் குழாயில் பழுதில்லாத சாதாரண ஈஸ்டை நிரப்பியது நான்.

தான் முன்பு வளர்த்ததில்தான் கலப்படம் என்று அவளே முடிவு கட்டினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றாள், ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதினாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.  எப்படியும் மறுநாள் வருவாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அவள் வரவில்லை, போலகத்துக்கே திரும்பிவிட்டாள். இப்போது வீட்டில் உலை வைத்தால்கூட, உப்புப் போட்டோமா என்று அம்மாவை ருசி பார்க்கச் சொல்கிறாளாம்.

அவள் முதலில் கண்ட அதே முடிவை வேறோர் ஆய்வகம் வெளியிட்ட பிறகுதானே உங்களுக்குச் சந்தேகம் வந்தது? அவளுக்கு அந்தச் செய்தி இன்னும் தெரியாது.

போன வாரம் அம்பலவாணன் போன் செய்தார். "பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குதுங்க. நீங்க சொன்னா கேக்கும். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மேடம்."

போனேன். இளைத்துப் பாதியாகியிருந்தாள். பார்த்ததும் அழுதுவிட்டேன். தயிர்ச்சோறு பிசைந்து நீட்டினேன். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

குழாய் விஷயத்தை அவளிடம் சொல்லிவிடச் சொல்கிறீர்கள். சொல்லிவிட்டால், நம்புவதற்கு அந்தப் பெண்ணுக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள்?