பிரேக் குழாய் பற்றி மேல்மாடிக்கு எழுதிய கடிதம்

பழைய வாகனத்துக்கு எஞ்சின் ஒயில் மாற்றுவதென்றால், ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் இளஞ்சூடாக இருக்கும்போதுதான் இறக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துபோகும். ஆறிய பிறகு இறக்கினால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். இது பலருக்குத் தெரியாது. கராஜ்காரர்களுக்குத் தெரியும், ஆனால் செய்யமாட்டார்கள்.

நான் ஏனோதானோவென்று வேலை செய்கிறவன் அல்ல என்பதை இன்ஸ்பெக்டர் ஐயா தெரிந்துகொள்வதற்காக இதை முதலில் எழுதுகிறேன். நான் சொல்லச்சொல்லத் தானே சிங்களத்தில் எழுதிவிடுவதாகச் சார்ஜன்ட் சொன்னார். "கியன்ன மஹத்தயா, மம லியன்னம்" என்று அன்பாகத்தான் சொன்னார். நான் மறுத்தேன். அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் பதிவேடுகளோடு வாழ்ந்தவன் நான். என் கடிதத்தை இதுவரை இன்னொருவர் எழுதியதில்லை. ஆறு தாள் கேட்டேன், நான்கு தந்தார்கள். நாட்டின் நிலைமை எனக்கும் விளங்குகிறது. சுருக்கமாகவே எழுதுகிறேன்.

விடயம் இதுதான். என் மனைவி அருந்ததியின் தம்பி சிவபாலன், கடந்த சனிக்கிழமை நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது, ரம்பொடை இறக்கத்தில் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். அவருடைய மகள் யதுஷா, பதினாறு வயது, இடுப்பெலும்பு உடைந்து வைத்தியசாலையில் இருக்கிறாள். அந்த ஜீப்பைப் பராமரித்தவன் நான்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கீழ்மாடியில் நானும் அருந்ததியும். மேல்மாடியில் சிவபாலனும் யதுஷாவும். பிள்ளையின் தாய் காலமாகி ஆறு வருடமாகிறது. ஆகையால் யதுஷா பாதி நாள் எங்களிடம்தான் சாப்பிட்டாள். ஜீப் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வந்தது. மாமனார் அதைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போனார். ஊரிலுள்ள கிணற்றையும் அப்படித்தான் விட்டுப்போனார், அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஜீப்பைப் பொறுத்தவரை ஓட்டுவது சிவபாலன், பார்ப்பது நான் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த வருடங்களில் புதிய வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பழைய வாகனக்காரர் ஆனார்கள். நாங்கள் ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தபடியால் எங்களுக்குப் பதற்றம் இல்லை. செய்த வேலைகளை எழுதிவைக்க நான் ஒரு கொப்பி போட்டேன். யூடியூப்பில் ஓர் அவுஸ்திரேலியக்காரர் இதே ஜீப்பைக் கழற்றிப் பூட்டுவதை முழுவதும் பார்த்தேன். அவர் பேசியது பாதி விளங்கவில்லை. கையைப் பார்த்தே படித்தேன். புதிய லைட்டுகள் பூட்டினேன். காலி வீதியில் வெள்ளம் ஏறினாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதபடி, காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். அதற்குப் பிறகு காலி வீதியில் வெள்ளமே வரவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல. பின்பக்கம் பார்ப்பதற்கு ஒரு கமராவும் பூட்டினேன்.

கமராவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. உறவினர் ஒருவரின் அந்தியேட்டிச் சடங்குக்காக நான் சாவகச்சேரிக்குப் போயிருந்த நான்கு நாளில், சிவபாலன் என்னைக் கேட்காமல் ஜீப்பை மருதானைக்குக் கொண்டுபோனார். அங்கே மஷூர் என்பவருடைய கராஜ். மஷூர் பொனற்றைத் திறந்து ஒரு வயரை விரலால் தூக்கிப் பார்த்தாராம்.

"சேர், இது ஊட்டு ஃபேனுக்குப் போடுற வயர். யாரு செஞ்ச வேல இது?"

"எங்கட அத்தான்."

"அப்ப சரி. ஜீப் ஓடாட்டியும் காத்து நல்லா வரும்."

இதை நான் மஷூரிடமிருந்து கேட்டறியவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணத்தில், கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையில் நின்றபோது, எனக்கு மூன்று பேர் முன்னால் நின்ற சிவபாலன் எல்லோருக்கும் நடித்துக் காட்டியதில் கேட்டேன். அதோடு அவர் நிறுத்தவில்லை.

"அத்தான் பூட்டின கமரா இருக்கே, ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தா வானம் தெரியும். மழை வருமோ வராதோ எண்டு பாக்க நல்ல சாமான்."

"அப்ப அதை வானிலைக் கந்தோருக்குக் குடுங்கோவன், சிவா!" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அருந்ததியும் சிரித்தாள், சிறிதாகத்தான். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றிலிருந்து சிவபாலனோடு நான் கதைப்பதில்லை. பதினான்கு மாதமாகிறது.

இதை இன்ஸ்பெக்டர் ஐயா பெரிய பகை என்று எழுத வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. ஒரே வளவுக்குள் இருபது வருடம் முகம் பார்க்காமல் வாழ்ந்து, செத்தவீட்டில் மட்டும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற அண்ணன் தம்பிமாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். கதைக்காமல் இருப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கையை நீட்டுவதில்லை. தூற்றுவதில்லை. ஜீப்பை நான் முன்போலவே பார்த்தேன். தகவல்களை அருந்ததி மூலம் மேலே அனுப்பினேன். மூன்று மாதத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது.

"நீங்கள் ரெண்டு பேரும் என்ன சின்னப் பிள்ளையளே? நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். ஏறிப் போய்க் கதையுங்கோ, பதின்மூண்டு படிதானே" என்றாள்.

பதினான்கு படி. நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு கடிதம் எழுதத் தொடங்கினேன். சாவகச்சேரியில் படிக்கும்போது கடித வரைவில் வகுப்பில் முதலாவதாக வந்தவன் நான். திகதி வலப்பக்கம், பொருள் நடுவில், கையொப்பம் கீழே. வெள்ளவத்தைத் தபாலகத்தில் பதிவுத் தபாலாகச் சேர்ப்பேன். விலாசம் எங்கள் விலாசம்தான், 'மேல்மாடி' என்ற ஒரு சொல் மட்டும் கூடுதல். ரயர் மாற்ற வேண்டியது, பற்றறித் தண்ணீர், புகைச் சான்றிதழ் என்று பதினொரு கடிதம் அனுப்பினேன். தபால்காரர் முதல் கடிதத்துக்குச் சிரித்தார், பிறகு பழகிவிட்டார். சிவபாலன் ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் பெருவிரல் படம் ஒன்று அனுப்புவார். அதை நான் பதிலாகக் கணக்கெடுப்பதில்லை.

இனிக் கடந்த வாரம். புதன்கிழமை சாப்பிடும்போது யதுஷா சொன்னாள்: "மாமா, சனிக்கிழமை போயா லீவுக்கு நானும் அப்பாவும் நுவரெலியா போறம். விடியப் போய்ப் பின்னேரம் திரும்புறது. ஜீப் தாங்குமோ?" தாங்கும், நான் பார்க்கிறேன் என்றேன். பயணத்துக்கு முன் வாகனத்தைப் பார்ப்பது என் கடமை. வியாழக்கிழமை காலை ஒயில் மாற்றினேன், மேலே எழுதிய முறைப்படி. பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். வலப்பக்கப் பின் சில்லுக்கு உள்ளே ஈரமாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பிரேக் ஒயில். கடலோரத்தில் நிற்கிற வாகனத்துக்கு உப்புக்காற்றுச் செய்கிற வேலை அது. பிரேக் ஒயில் போகும் குழாய் துருப்பிடித்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற நிலையில் இருந்தது. கொப்பியில் நேரத்தோடு பதிந்தேன்.

குழாயை மாற்றியிருக்கலாமே என்று ஐயா கேட்டீர்கள். மாற்றியிருக்கலாம். மருதானையில் அரைநாள் வேலை. ஆனால் ஜீப்பைக் கொண்டுபோனால் மஷூர் மீண்டும் ஒரு தடவை பொனற்றைத் திறந்திருப்பார். அதைச் சிவபாலன் அடுத்த கல்யாணத்தில் சொல்லியிருப்பார். சாப்பாட்டு வரிசையில் இரண்டு தடவை நிற்க என்னால் முடியாது.

டாஷ்போட்டில் பிரேக்குக்கான சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற லைட்டைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது. பிரேக் ஒயிலை நிரப்பினேன், லைட் அணைந்தது. ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தேன், கடற்கரை ரயில் பாதையடியில் நன்றாகவே நின்றது. பிறகு சில்லையும் குழாயையும் துணியால் துடைத்தேன். ஈரம் தெரியவில்லை. ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டீர்கள். வாகனத்தைச் சுத்தமாகக் கொடுப்பது என் பழக்கம்.

அத்துடன் நான் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கவும். முறைப்படி அறிவித்தேன். பன்னிரண்டாவது கடிதம், வியாழக்கிழமைத் திகதியிட்டது. 'பொருள்: பின் சில்லுப் பிரேக் குழாயில் கசிவு. மேற்படி வாகனத்தை மலைப்பாதையில் ஓட்டுவது உசிதமல்ல எனப் பணிவுடன் அறியத்தருகிறேன்.' இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் தபாலில் சேர்த்தேன். சனி பௌர்ணமிப் போயா, மறுநாள் ஞாயிறு. தபால் திணைக்களத்தின் விடுமுறை நாட்களை நான் தீர்மானிப்பதில்லை.

தொலைபேசி இருந்ததே என்றீர்கள். இருந்தது. பதினான்கு படியும் இருந்தது.

கடிதம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பிரேதம் கூடத்தில் இருந்தது. தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சற்று நேரம் கை கட்டி நின்று, பிறகு யாராவது ஒருவர் கையொப்பம் வைக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். பெறுநர் கையொப்பமிடும் நிலையில் இல்லை. அருந்ததி எழுந்து வைத்தாள். தம்பியின் தலைமாட்டில் இருந்தபடியே கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமையே தெரியுமே உங்களுக்கு?"

"கடிதத்திலை திகதி இருக்கு" என்றேன்.

அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். புதன்கிழமை அது உங்கள் மேசையில் இருந்தது. நானும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு நானாகவே வந்தேன். நான் எச்சரித்தேன் என்பதற்கு அது சாட்சி. நீங்கள் அதை நான் அறிந்திருந்தேன் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரே பற்றுச்சீட்டை இரண்டு விதமாக வாசிக்கலாம் என்பதை இந்த வயதில் அறிந்துகொண்டேன்.

இவ்வளவும் நேற்று வரை நான் சொல்லியவை. இன்று எழுதக் கேட்டதற்குக் காரணம், யதுஷா வைத்தியசாலையில் கண் விழித்துச் சனிக்கிழமை விடியற்காலை பற்றிச் சொல்லியிருக்கிறாள். அதை நான் மறுக்கப்போவதில்லை. பிள்ளை பொய் சொல்லமாட்டாள், நாங்கள் வளர்த்த பிள்ளை.

ஐந்தரை மணி இருக்கும். ஒழுங்கையில் பால் வாங்கப் போகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. சிவபாலன் ஜீப்பை வெளியே எடுக்கும்போது நான்தான் கேற்றைத் திறந்துவிட்டேன். அந்தக் கேற் ஒரு கையால் திறக்கும் கேற் அல்ல. ஜீப் என் பக்கத்தில் வந்து நின்றது. சிவபாலன் கண்ணாடியை இறக்கினார். என் கண்ணைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்றார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. மறுபடி தொடங்கினார். "அண்டைக்குக் கல்யாண வீட்டில நான் அப்படிக் கதைச்சது பிழை. திரும்பி வந்து ஆறுதலாக் கதைப்பம். பிரேக் எல்லாம் ஓகேதானே? மலை இறங்க வேணும், பிள்ளையும் இருக்கு."

அதாவது, முதலில் வாய் திறந்தவர் அவர். நான் அல்ல. அந்த நேரத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். மனிதர் இறங்கி வந்துவிட்டார். ஆனால் பதினொரு கடிதத்துக்கும் பெருவிரல் காட்டியவருக்குப் பன்னிரண்டாவதை மட்டும் கேற்றடியில் வாயால் வாசித்துக் காட்டுவதா என்று ஒரு யோசனை வந்தது. கடிதம் தபாலில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்ததற்கு மேல் வாய்ப்பேச்சு எதற்கு.

"ஓம். எல்லாம் சரி" என்றேன்.

யதுஷா சொன்னது இதுவரை சரி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள், மயக்கத்தில் மறந்திருக்கலாம். அவள் பின் சீற்றில், ஒரு காதில் பாட்டோடு, பெல்ட் போடாமல் இருந்தாள். அந்த ஜீப்பில் முதலில் பின் சீற்றுக்குப் பெல்ட் இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் பூட்டினேன், மஷூருக்கும் அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. நான் கதவைத் திறந்து, அவள் காதிலிருந்ததைக் கழற்றி, "பெல்ட்டைப் போடு பிள்ளை, கழட்டாதை, எங்கயும் கழட்டாதை" என்றேன். கொளுக்கி விழுந்த சத்தம் கேட்கும் வரை நின்றேன். இழுத்தும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கேற்றைச் சாத்தினேன். பெல்ட் இருந்தபடியால்தான் பிள்ளை தப்பியது என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். ஆகவே யதுஷா இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் நான்தான் என்பதையும் தயவுசெய்து இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளவும்.