அடிப்போர்வை

– ஏணியைப் பிடிச்சிருக்கியா, இல்ல சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிறியா?

– பிடிச்சுத்தான் இருக்கேன். விழுந்தா என் தலையிலதான் விழுவீங்க. இன்னிக்கி வீடு காலி பண்ற நாளு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் என்னால அலைய முடியாது.

– என்ன புதுசா ‘விழுவீங்க’?

– வெளியாளுக்கு மரியாதை குடுக்கணும்ல.

– ஏழு வருஷம் வாடா போடான்னு கூப்பிட்டவ...

– கோர்ட்டுல கையெழுத்துப் போட்டப்புறம் அதெல்லாம் செல்லாது. பரண்ல இருக்கிற உங்க சாமானை மட்டும் எடுங்க. பன்னெண்டு மணிக்கு வண்டி வந்துரும்.

– இந்தா, மலைக்குப் போற பூட்ஸு.

– ஐயே... உள்ள என்னமோ கூடு கட்டியிருக்கு.

– தட்டினா போயிரும். இது கயிறு. பிடி... பிடிச்சிட்டியா? இது மழைக்குக் கட்டற தார்ப்பாய். அப்புறம்... இதோ, ஹேமக்.

– தூளின்னு சொல்லுங்க. அஞ்சே முக்கா அடி ஆம்பளைக்கு ஒரு தூளி.

– ஆரம்பிச்சுட்டியா?

– இந்த வீட்ல கட்டின ஒரே தூளி அதுதானே. ஆசைக்கு ஒரு தடவை சொல்லிக்கிறேன்.

– இந்தா, பிடி.

– சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. கீழருந்து பாக்கக் கண்றாவியா இருக்கு. எல்லாம் வந்தாச்சுல்ல? இறங்குங்க.

– அந்த மூலையில என்ன?

– பழைய மிக்ஸி டப்பா.

– அதுக்குப் பின்னால?

– அதுக்குப் பின்னால செவுரு. இறங்குங்கன்றேன்.

– இரு, ஒரு நிமிஷம், கையை நீட்டினா... ஆ!

– என்னாச்சு?

– ஒண்ணுமில்ல. முதுகு பிடிச்சிக்கிச்சு.

– எங்க, இடுப்புக்கு மேலயா?

– ம்.

– எத்தனை நாளா?

– ஒரு மாசமா. ஏன், நீ எப்ப டாக்டரான?

– பத்து வருஷமா ஊரு முதுகையெல்லாம் அளந்து சட்டை தைக்கிறேன். கோணலா நிக்கிற முதுகு எனக்குத் தெரியாதா? எங்க படுக்கிறீங்க?

– வீட்லதான்.

– வீட்ல எங்க?

– ...பால்கனியில.

– பால்கனியிலயா!

– காத்தோட்டமா இருக்கும்னு புதுசா ஒரு ஹேமக் வாங்கிக் கட்டி...

– உங்க கூடாரக்காரி கட்டிலை விட்டு எறக்கிட்டாளா?

– அவளுக்கு ஒரு பேரு இருக்கு.

– எல்லாருக்கும்தான் இருக்கு. எறக்கிட்டாளா?

– என் குறட்டை அவளுக்கு ஒத்துக்கல.

– அடப்பாவமே. நான் ஏழு வருஷம் அதைக் கேட்டாத்தான் தூங்குவேன்னு கெடந்தேன்.

– கிண்டல் பண்ணு. பண்ணு.

– கிண்டல் இல்லீங்க. சரி, மேல என்ன போர்த்திக்கிறீங்க?

– மூணு கம்பளி. இருந்தும் முதுகு மட்டும் ஜில்லுன்னு... விடியறதுக்குள்ள நாலு தடவை முழிப்பு.

– மூணை முப்பதாக்கினாலும் அப்படித்தான். கீழ என்ன விரிச்சீங்க?

– கீழயும் ஒரு கம்பளிதான். ரெட்டையா மடிச்சு.

– உள்ளயே விரிச்சு, அது மேலயே படுத்துக்கிட்டீங்க?

– பின்ன?

– எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! உடம்பு அழுத்தினா பஞ்சு செத்துரும். சூடு குடுக்கிறது பஞ்சு இல்ல, பஞ்சுக்குள்ள நிக்கிற காத்து. அதை நசுக்கிட்டு மேல படுத்தா வெறும் துணியில படுத்த மாதிரிதான். போர்வை வெளியில, தூளிக்கு அடியில தனியாத் தொங்கணும். முதுகை உரசியும் உரசாம.

– தெரியும்.

– தெரிஞ்சு என்ன புண்ணியம்? குறுக்காலயாவது படுக்கிறீங்களா, இல்ல வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நேராவா?

– நேராத்தான். குறுக்கால படுத்தா கால் செவுத்துல இடிக்குது.

– ஊரு நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளக்கிறவருக்கு ஒரு பால்கனியை அளக்கத் தெரியல. கயிறை எதிர்மூலைக்கு மாத்திக் கட்டுங்க. ராத்திரி சுடுதண்ணி பாட்டிலைக் கால்மாட்டுல வைங்க. காய்ஞ்ச சாக்ஸா போடுங்க, நாளெல்லாம் போட்டதையே போட்டுக்கிட்டுப் படுக்காதீங்க... நான் ஏன் இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்?

– வாய் அரிக்குது.

– இப்பத்தான் புரியுது. நீங்க தூளியை எடுத்துட்டுப் போக வரல. அடிப்போர்வைக்கு வந்திருக்கீங்க.

– ...இருக்கா?

– இல்ல.

– அந்த டப்பாவுக்குப் பின்னால...

– இல்லன்னேனே! அது இங்க இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

– யாரு சொல்லணும்? மறந்துட்டுப் போனேன். மறந்துட்டுப் போன சாமான் வீட்லதானே இருக்கும்?

– ம். மறந்துட்டுப் போனீங்க.

– ஆமா.

– இருங்க, ஃபோனு. ஹலோ... ஆமாங்க, மூணாவது மாடி... லிஃப்ட் இல்லன்னு முன்னாடியே சொன்னேனே... பீரோ ஒண்ணு, தையல் மெஷின் ரெண்டு, கட்டில்... இல்லீங்க, ஒத்தைக் கட்டில்தான். சரி, வாங்க. ...என்ன அப்படிப் பாக்கிறீங்க?

– பெரிய கட்டில் என்னாச்சு?

– குடுத்துட்டேன். மெத்தை ஒரு பக்கம் மட்டும் பள்ளமாப் போச்சு. ...அங்க என்ன பண்றீங்க? டப்பாவைத் தள்ளாதீங்க. மேல விழும்!

– கிடைச்சிருச்சு. தலையணை உறைக்குள்ள போட்டு, வாயை வேற தைச்சு வெச்சிருக்கே.

– பூச்சி அரிக்கும்னு.

– இவ்ளோ நெருக்கமாவா தைப்பாங்க பூச்சிக்கு?

– கொண்டாங்க இப்படி. பிரிக்காதீங்க... பிரிக்காதீங்கன்றேன்ல!

– இறங்கிட்டேன், ஏணியை விடு. ...நீலம். நீலத்துல வெள்ளைப் பூ. மறந்தே போயிட்டேன்.

– என் போர்வை அது. எங்கம்மா எனக்குன்னு வாங்கினது. நீங்க முத தடவை மலைக்குப் போயிட்டு மூக்கு ஒழுக விறைச்சு வந்தீங்களே, அன்னிக்கி வெட்டினேன். பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கக் கூடாதுன்னு கோடு கோடா தைச்சு, ஓரத்துக்கு நாடா கோத்து, ரெண்டு முனையிலயும் ரப்பர் வெச்சு...

– மொட்டை மாடியில கட்டிப் பாத்தோமே. தண்ணித் தொட்டித் தூணுல.

– ரெண்டு பேரும் ஏறி.

– நீதான் நானும் வர்றேன்னு ஏறினே. முடிச்சு அவுந்து ரெண்டு பேரும் தரையில.

– கீழ்வீட்டுக்காரரு பூகம்பம்னு வெளிய ஓடி வந்தாரே.

– அதுவும் எப்படி... துண்டோட.

– பாதி முகத்துல சோப்போட! ஐயோ...

– எப்படிச் சிரிச்ச அன்னிக்கி.

– சிரிச்சேன். அன்னியிலருந்து எனக்குப் போர்வை இல்ல. நீங்க அங்க கதகதன்னு தூங்க, நான் இங்க பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சுப் போர்த்திக்கிட்டுக் கெடந்தேன்.

– வேற ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?

– வாங்கியிருக்கலாம். உங்களுக்குத் தோணும்னு பாத்தேன்.

– ...இதை எடுத்துட்டுப் போகட்டுமா?

– குடுக்கிறேன். முதல்ல ஒண்ணு கேக்கணும். மூணு வருஷமா கேக்கணும்னு இருக்கேன்.

– கேளு.

– அன்னிக்கி ராத்திரி மலையில நெஜமாவே அவ்ளோ குளிரா?

– இப்ப எதுக்கு அது?

– சொல்லுங்க.

– குளிருதான். பல்லு கிட்டிப் போச்சு. விரலு இருக்கா இல்லையான்னே தெரியல. ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் தூங்கிட்டாங்க. அவ கூடாரத்துல மட்டும் லைட்டு எரிஞ்சுது. வெளிய கெடந்து சாகாதே, உள்ள வான்னா. போனேன். இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.

– சொன்னீங்க. எங்கக்காகிட்ட சொன்னீங்க, ஃபிரெண்டுங்ககிட்ட சொன்னீங்க. கோர்ட்டுல கவுன்சிலிங் குடுத்த அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

– என்னென்னமோ சொன்னேன்.

– ‘ஒரு போர்வையை மறந்து வெச்சுட்டுப் போயிட்டேம்மா. அது மட்டும் இருந்திருந்தா நாங்க இங்க வந்து உக்காந்திருக்க மாட்டோம்.’ அந்த அம்மா உச்சுக் கொட்டிச்சு. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

– அது ஒரு பேச்சுக்கு...

– உங்களுக்குப் பேச்சு. அன்னியிலருந்து நான் கத்திரிக்கோலைக் கையில எடுத்தாலே அதுதான் காதுல கேக்குது. அது மட்டும் இருந்திருந்தா. அது மட்டும் இருந்திருந்தா.

– விடு. மறந்தது நான். என் தப்பு. இதுல நீ என்ன பண்ணே?

– நீ மறக்கல. பையில முதல்ல வெச்சதே அதைத்தான். நீ குளிக்கப் போனப்ப நான்தான் உருவி எடுத்தேன். பை தளர்ந்தா நீ கண்டுபிடிச்சிருவேன்னு அந்த இடத்துல ரெண்டு துண்டைச் சுருட்டி வெச்சேன். அஞ்சு சனிக்கிழமையா நீ வீட்ல இல்ல. அந்தத் தடவை அவளும் வர்றான்னு எனக்குத் தெரியும். அடியில ஒண்ணுமில்லாம படுத்து, ஒரு ராத்திரி நடுங்கினா, விடிஞ்சதும் முத பஸ்ஸைப் பிடிச்சு நீ என்கிட்ட ஓடி வந்துருவேன்னு நெனச்சேன். அவ்ளோதான் நெனச்சேன். கடைசியில... நானே என் கையால உன்னை அவகிட்ட அனுப்பி வெச்சிருக்கேன்.

– அழாதே.

– அழல. பரண் தூசி. ...ஏதாவது சொல்லுடா. திட்டவாவது திட்டு.

– பச்சைத் துண்டு ஒண்ணு. கோடு போட்ட துண்டு ஒண்ணு.

– ...என்ன?

– பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தேன்.

– அப்பவே தெரியுமா?

– அப்பவே. பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருந்துச்சு.

– நடந்து வந்தாக்கூட வீடு பத்து நிமிஷம்தானே!

– பத்து நிமிஷம்கூட ஆகாது.

– பின்ன ஏன்டா திரும்பி வந்து கேக்கல?

– கேட்டிருந்தா குடுத்திருப்பியே.