மாலைக்கு உரியவர்

பொரளையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் மடியில் பூமாலையோடு ஒரு பெண், அருகே வயதான அம்மா ஒருவர்.

"மாலைய என்ன செய்றதுன்னு தெரியலம்மா. பொரளை மயானம் பூரா தேடியும் போட வேண்டிய கல்லறையக் காணல."

"ஆருக்குப் பிள்ளை?"

போன மாதம் இறந்த எழுத்தாளரின் பெயரைச் சொன்னாள். "எங்கம்மா மாதிரி தேயிலக் கொழுந்து பறிக்கிறவங்களப் பத்தி எழுதுனவரு."

"அவரை எரிச்சவையெல்லோ. நானும் செத்தவீட்டுக்குப் போனனான்."

"எங்க தோட்டத்துல பொதைக்கிறதுதாம்மா. அப்படியே நெனச்சுட்டேன்."

"சாம்பலை வெள்ளவத்தைக் கடலிலதான் கரைச்சவை."

அவள் மாலையை மடியில் நேராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் வேலை செய்ற வீட்டு பால்கனி அந்தக் கடலுக்கு நேராத்தாம்மா இருக்கு. அவரு கதைய அங்க நின்னுதான் தெனமும் வாசிக்கிறேன்."