பூட்டுனவரு லைன்ல இருக்காரு

இல்ல சார், வச்சிடாதீங்க, கேக்குது, நல்லாவே கேக்குது. நீங்க குரல மாத்துறதுக்கு என்னமோ போட்டுக்கிட்டு பேசுறீங்கல்ல, அதான் கெணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி இருக்கு. சரி சரி, கோவிச்சுக்காதீங்க. முகத்தயும் காட்ட வேணாம், குரலயும் காட்ட வேணாம். நான் என்ன உங்ககிட்ட சம்பந்தம் பேசவா வந்திருக்கேன்?

நானா? முதலாளி இல்ல சார், இங்க கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்குறவ. முதலாளி அந்தப் பக்கத்து ரூம்ல தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு. பக்கத்துல யாரும் இல்ல, சர்வர் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசுறேன். காலையில மொத ஆளா வந்து ஸ்கிரீனத் தொறந்தா, எல்லாத்தையும் பூட்டிட்டோம், சாவி வேணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு எழுதியிருந்துச்சு. கூப்பிட்டுட்டேன் பாத்தீங்களா? சொன்ன பேச்சக் கேக்குற ஆளு சார் நான். என் வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்லுவாரு, அத விடுங்க.

அட இருங்க, தொகைக்கு என்ன அவசரம், ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா? எதப் பூட்டியிருக்கோம்னு மொதல்ல உங்களுக்குத் தெரியணும்ல. இது செயற்கைக் கால் செய்யுற பட்டறை. ஆளு வந்து உக்காந்ததும், மிச்சம் இருக்குற காலச் சுத்தி ஸ்கேன் எடுப்போம். அந்த அளவ வச்சுத்தான் கால் உள்ள போய் உக்காருற கிண்ணத்தச் செய்வோம். மயிரிழை தப்புனாலும் புண்ணாயிடும். அந்த அளவெல்லாம் போச்சுன்னா வச்சுக்கோங்க, இப்ப வெளிய பெஞ்சில உக்காந்திருக்காங்களே, அவ்வளவு பேரும் வெறுங்கையோட திரும்பணும். வெறுங்காலோடன்னு சொல்லியிருப்பேன், ஆனா அந்த ஜோக்க அவங்க மட்டும்தான் சொல்லலாம், நாம சொன்னா அடி விழும்.

என்னது, எல்லா மெஷினும் உங்க கையில இருக்கா? இருக்கு இருக்கு, யாரு இல்லன்னா. இரும்புப் பெட்டி ஒண்ணுதான். உள்ள ஒம்போது மெஷின் குடித்தனம் பண்ணுது. வெர்ச்சுவல் மெஷின்னு பேரு, கையில தொட முடியாது, ஆனா ஒவ்வொண்ணும் தனக்குன்னு தனி வீடு இருக்குறதா நெனச்சுக்கிட்டு வேலை பாக்கும். கூட்டுக் குடும்பத்துல மருமகளுங்க இருப்பாங்களே, அந்த மாதிரி. ஒருத்தி கணக்கு, ஒருத்தி யாரு எப்ப வரணும்னு பாப்பா, ஒருத்தி அளவெல்லாம் பத்திரப்படுத்துவா. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, வாசலுக்கு ஒரே பூட்டாப் போட்டுட்டுப் போகாம, ரூம் ரூமா போய்ப் பூட்டியிருக்கீங்க. ரொம்பப் பொறுமைசாலி சார் நீங்க. உங்க வீட்டுல குடுத்து வச்சவங்க.

பேக்கப்பா? அதையும் அழிச்சிட்டீங்கன்னு தெரியுமே. அத அழிச்சிட்டுத்தானே இங்க கைய வச்சிருக்கீங்க, தொழில் தெரிஞ்ச ஆளு. தப்பு உங்க மேல இல்ல சார். பேக்கப் பெட்டிய சர்வருக்குப் பக்கத்துலயே, அதே வயர்ல மாட்டி வச்சிருந்தா, வந்தவரு அதப் பாத்து கும்பிட்டுட்டா போவாரு?

ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆனா நான் வீட்டுக்குப் போறப்ப கைப்பையில ஒரு டிஸ்க்கும் கூட வரும். ஒம்போது மெஷினோட காப்பியும் அதுக்குள்ள. அதுக்கு வயரும் கெடையாது, நெட்டும் கெடையாது. பீரோவுல போர்வைக்கு அடியில தூங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை இத எடுத்துட்டு வந்துட்டு வேற ஒண்ணக் கொண்டு போவேன். ஊருல பொம்பளைங்க நகைய ஒளிச்சு வைப்பாங்க, நீ என்னடி டப்பாவ ஒளிச்சு வைக்குறன்னு வீட்டுக்காரருக்கு ஒரே கிண்டல். அந்த மனுஷன்தான் இன்னைக்குக் காலையில நான் போன் பண்ண ஒடனே டப்பாவ எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு, ஒரு கால்ல அவரு செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு.

வேலை செய்யுமான்னு கேக்குறீங்களா? இப்பத்தான் சார் நீங்க புத்திசாலி மாதிரி கேக்குறீங்க. காப்பி எடுத்து வச்சா மட்டும் ஆச்சா, எழுந்து நடக்கணும்ல? எங்க பட்டறையில ஒரு பழக்கம். கால மாட்டிக்கிட்டு, கம்பியப் புடிச்சு நாலு எட்டு நடந்து காட்டாம யாரும் வாசலத் தாண்ட முடியாது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. மாசா மாசம் ஒரு மூலையில பழைய கம்ப்யூட்டர்ல அந்தக் காப்பிய எழுப்பி நடக்க விட்டுப் பாப்பேன். முதலாளி எட்டிப் பாத்துட்டு, என்னம்மா, உன் புள்ள இன்னைக்கு எத்தன எட்டு வச்சான்னு கேப்பாரு.

பொய்யா? சரி, கதவத் தொறக்குறேன், கேளுங்க. கேக்குதா அந்தச் சத்தம்? கிண்ணம் கடையுற மெஷின். அளவு இல்லாம அது அசையாது சார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்தவங்களுக்கு மட்டும் மறுபடி அளவெடுக்கணும், மத்ததெல்லாம் நான் உங்களக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே எழுந்தாச்சு. இருங்க, கதவச் சாத்திக்கிறேன்.

பின்ன எதுக்குக் கூப்பிட்டேனா? சாவிக்கு இல்ல. நான் கூப்பிட்டது முதலாளிக்கும் தெரியாது.

ஒவ்வொரு மெஷினா எழுப்பிக்கிட்டே வந்தேனா, கடைசியா ஒண்ணு, நான் தொடுறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எட்டு மெஷினப் பூட்டுன ஆளு அத மட்டும் தொடவே இல்ல. சரி, அவசரத்துல விட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு பேக்கப் பெட்டியப் பாத்தா, அங்கயும் எட்டு அழிஞ்சிருக்கு, அதோட காப்பி மட்டும் பத்திரமா இருக்கு. ரெண்டு எடத்துலயுமா ஒரே அவசரம்? அது சின்னப் புள்ளைங்க மெஷின். வளர்ற புள்ளைங்க, போன வருஷக் கால், அதுக்கு முந்துன வருஷக் கால்னு வரிசையா அளவு இருக்கும். அதப் பாத்துத்தான் அடுத்தது எப்படி வளரும்னு கணிச்சு செய்வாங்க. பெரியவங்களுக்கு மறுபடி அளவெடுத்துக்கலாம். புள்ளைங்களோட பழைய கால எங்க போய் அளக்குறது, அது இப்ப இல்லையே. இதெல்லாம் வழிப்போக்கனுக்கு எப்படித் தெரியும்? அந்த மெஷினுக்கு வெளிய பேரு கூட இல்ல, வெறும் நம்பர். உள்ள என்ன இருக்குன்னு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தி. அத உக்காந்து கட்டுனவன் ஒருத்தன்.

வச்சிடாத. நான் பேசி முடிச்சிடுறேன். உன்ன வேலைய விட்டு அனுப்புனது நியாயமே இல்ல. அன்னைக்கே முதலாளி முகத்துக்கு நேரா சொன்னேன், இப்பவும் சொல்வேன். ஆனா அதுக்கு வெளிய உக்காந்திருக்கவங்க என்னடா பண்ணாங்க? காலையில வந்தப்ப இத யாரு செஞ்சானோ அவன் கை வெளங்காமப் போகணும்னு சபிச்சேன். அந்த ஒரு மெஷினப் பாத்ததுக்கப்புறம் அப்படியே உக்காந்து அழுதுட்டேன்.

போலீஸ்காரர் வந்துட்டாரு, முதலாளி ரூம்லதான் இருக்காரு. ஏம்மா, அது ஒண்ணு மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு எங்கிட்ட கேட்டாரு. தெரியல சார், எங்க அதிர்ஷ்டம்னு சொல்லிட்டேன். மத்தியானம் மறுபடி எல்லாரையும் தனித்தனியா கூப்பிட்டு விசாரிப்பாராம். அதுக்குள்ள நீயா வந்து நில்லு, நான் பக்கத்துல நிக்குறேன். ஒரு தடவ எப்படியோ சொல்லிட்டேன் தம்பி, ரெண்டாவது தடவ கேட்டா எனக்குப் பொய் வராது.