கூலிக்கு இருந்தவன்

என் கணவர் ஜியாவுதீனுக்கு வக்கீல்களைக் கண்டாலே ஆகாது. ஒரு ரூபாய் கேள்விக்குப் பத்து ரூபாய் பதில் சொல்வார்கள் என்பார்.

அவரும் என் தம்பி இத்ரீஸும் வாணியம்பாடியில் பாதிக்குப் பாதியாகத் தோல் பதனிடும் டேனரி நடத்தினார்கள். பத்திரம் கிடையாது. சம்பந்தம் செய்த வீட்டில் காகிதம் கேட்பது மரியாதையில்லை என்று இருவருமே நினைத்தார்கள். பாதித் தோல் தம்பியின் பெயரில் பட்டணத்துக்குப் போய் விற்கும்.

தம்பி காய்ச்சலில் இறந்தான். அவன் மனைவி பில்கிஸ் பங்கு கேட்டாள். என் கணவர் ஜமாஅத் முன்னால், "இத்ரீஸ் என்னாண்ட கூலிக்கு இருந்தவன்" என்று சத்தியம் செய்தார். அன்றும் அவர் சாப்பிட்ட பிறகே நான் சாப்பிட்டேன்.

அந்தச் சத்தியம் வருமான வரி அதிகாரியின் காதுக்கும் எட்டியது. கூலிக்காரன் பெயரில் அவ்வளவு தோல் எப்படி விற்கும்? முதலாளி மறைத்த வருமானம் என்று வரியும் அபராதமும் விதித்தார். அதன் பிறகுதான் என் கணவர் வேலூரிலிருந்து வக்கீல் ஆதிகேசவனை அழைத்துவந்தார்.

"ஃபீஸ் ஜாஸ்தின்னு பயந்து ஓசியில சத்தியம் பண்ணிட்டு வந்துட்டீங்க பாய்," என்றார் வக்கீல். "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி இல்ல என்னாண்ட வரணும்? சரி, அவரு கூட்டாளிதான்னு வீட்டம்மா சாட்சி சொன்னா அப்பீல்ல தப்பிக்கலாம்."

கணவர் நான் நின்றிருந்த திரைக்கு அருகில் வந்தார். "சொல்லு ஜஹீரு. உனக்குத் தெரியும் இல்ல?"

எனக்குத் தெரியும். வரி கட்டாவிட்டால் டேனரிக்குப் பூட்டு விழும் என்பதும் தெரியும். சுண்ணாம்புக் குழியில் கிடக்கும் தோலை நேரத்துக்கு எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"நீங்க சத்தியம் பண்ணத நான் பொய்யின்னு சொல்லலாமா? இத்ரீஸ் கூலிக்குத்தான் இருந்தான்," என்றேன்.

பூட்டு விழுந்தது. உள்ளே தோல்கள் கரைந்து கூழாயின. நாற்றம் தெருமுனை வரை வந்தது. கணவர் அந்தப் பூட்டிய கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். நானும் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிடவில்லை. மழைக்காலம் முடியுமுன் அங்கேயே இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த பில்கிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இப்போது ஊரார் வீடுகளில் மாவரைக்கிறாள்.

"நெசத்த சொல்லியிருந்தா எம் புள்ளைங்களுக்கும் பாதி வந்திருக்கும் இல்ல, ஆபா?" என்றாள்.

சின்னப் பெண். எல்லாம் என் தம்பிக்காகத்தான் செய்தேன் என்பது அவளுக்கு இன்னும் புரியவில்லை.