பில்லுக்கு அடியில ஒரு பேரு

…இல்ல சார், நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் எழுதுனதுல அவன் பேரைத் தூக்கிட்டு விக்கலாமா? அட, ஜன்னலை அப்புறம் சாத்திக்கலாம், கேளுங்க. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். உப்பை எடை போட்டு பில்லு அடிக்கிறதுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். இன்டர்நெட்ல சும்மா குடுத்தேன் சார், சும்மா! எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கூட பொழைச்சுக்கோ, என் பேரை மட்டும் எடுக்காதே. லைசென்ஸே அவ்ளோதான்.

பாண்டிச்சேரி கம்பெனிக்காரன் ஒருத்தன், என் பேரை வழிச்சு எறிஞ்சுட்டு எங்க ஊரு எடைமேடைக்கே வித்துட்டான்! எப்படிக் கண்டுபிடிச்சேன்னா… பில்லு அடிக்கிறதுக்கு முன்னாடி, "பேப்பர் மாட்டுனியாப்பா?"ன்னு ஸ்கிரீன்ல கேக்குது. என்னை விட்டா எவன் சார் கம்ப்யூட்டரை அப்படிக் கேக்க வைப்பான்?

விட்டேனா? வக்கீல் நோட்டீஸ்! "பேரை வச்சு நாக்கு வழிக்கவா?"ன்னா என் வீட்டுக்காரி மலர்கொடி. மானப் பிரச்சனைடின்னேன். கம்பெனி மேனேஜருக்கு லைசென்ஸை வரி வரியா படிச்சுக் காட்டினேன். பயந்துட்டான். ஒவ்வொரு பில்லு அடியிலயும் என் பேரு, போன் நம்பரு, கொட்டை எழுத்துல!

அங்கதான் சார் புடிச்சுது சனி. மாத்திக்கோன்னு நாந்தானே எழுதிக் குடுத்தேன்? உப்புல ஈரம் இருக்குதுன்னு எடையில கொஞ்சம் கழிப்பாங்கல்ல… அந்தக் கழிவைக் கம்பெனிக்காரன் ஏத்தி வச்சுட்டான். எங்க ஊர்ல போஸ்டர் ஒட்டுனா, அடியில 'இவண்'னு யார் பேரு இருக்குதோ அவன்தானே பொறுப்பு? பில்லையும் அப்படித்தான் படிக்கிறாங்க! கழிச்சவன் நானாம்! என் மச்சான், மலர்கொடியோட அண்ணன் தனகோடி உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கான். தங்கச்சி வீட்டுப் படி மிதிக்கிறதில்ல. போனை எடுத்தா… வேணாம் சார், லேடீஸ் உக்காந்திருக்காங்க.

இப்ப அந்தக் கம்பெனியிலேர்ந்துதான் வர்றேன். பேரைத் தூக்கிடுப்பான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிக்கிறான்! "எடுத்தா லைசென்ஸ் மீறல் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" எழுதித் தர்றேன்னேன். "நாளைக்கு மறுபடி நோட்டீஸ் விடுவீங்க"ங்கிறான்!

என்ன சார், பாக்கெட்ல தேடுறீங்க? …ஓ. நீங்களும் உப்பளமா? நேத்து போட்ட பில்லா? …அடியிலயா? மடிச்சு வைங்க சார், ஆடுற பஸ்ல படிச்சா தலை சுத்தும். …என் பேரா? அது எதுக்கு சார் இப்போ… கண்டக்டர்! கூனிமேடு எறக்கம்! மரக்காணம் டிக்கெட்தான்ப்பா, இருக்கட்டும். நான் நடந்துக்கிறேன்!